வலியைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

நாகர்கோவில் பக்கமிருந்து வரும் காலை ரயில் திருவனந்தபுரத்தின் தம்பானூரில் நின்றதும், இறங்குகிற கூட்டத்தில் பெரிய கவரில் ஸ்கேன் படத்தை மடங்காமல் பிடித்திருப்பவர்களைப் பார்க்கலாம். மெடிக்கல் காலேஜ், ஸ்ரீ சித்திரை, ஆர்.சி.சி. என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி ஊர். ரயில் நிலையத்துக்கு எதிரேயே பேருந்து நிலையம். சாலையைக் கடந்தால் போதும். ஆனால், வருடக்கணக்கில் முதுகுவலியோடு இருப்பவருக்கு அந்தச் சாலையே ஒரு கணக்கு. இப்போது நடந்துவிட்டால் ராத்திரி படுக்க முடியுமா?

இந்தக் கணக்கை மாற்றுவதுதான் நடத்தை சிகிச்சை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் உஷார் நிலையிலேயே இருந்துவிடுவது உண்டு. தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதுபோல, வலிச் செய்தி அங்கே கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் சொன்னார்கள். பயம், தூக்கமின்மை, கவலை எல்லாமே அந்தச் செய்தியைக் கூட்டும். அதனால் மனநல நிபுணரிடம் அனுப்பினால், ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று யாரும் கோபப்பட வேண்டியதில்லை. வலி நிஜம்தான். மனசைக் கைகாட்டிவிட்டு நோயாளியைத் திருப்பி அனுப்பும் மருத்துவர் செய்வதுதான் தவறு.

அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1960களின் பிற்பகுதியில் ஒன்றைக் கவனித்தார். வலி கூடினால்தான் மாத்திரை, வலி கூடினால்தான் ஓய்வு, முகம் சுளித்தால்தான் அன்பு. இதெல்லாம் சேர்ந்து வலியைச் சுற்றியே ஒருவரின் நாளை அமைத்துவிடுகிறது. அவர் ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டார். மாத்திரை கடிகாரப்படி. நடை, முன்பே குறித்த அளவுப்படி. ஓய்வு, அந்த அளவை முடித்த பிறகு.

நம் வீடுகளில் கடினமான பகுதி அன்புதான். “நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று மனைவி தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்கிறார். பாசத்தில் குறையில்லை, ஆனால் ஒவ்வொரு வேலையாகக் கையைவிட்டுப் போய், கடைசியில் கட்டில் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவது சிகிச்சையின் பாதி.

நடைமுறையில் இது எப்படி? சில நாட்கள், வலி தாங்க முடியாமல் போகும்வரை எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்வார்கள். சராசரி பத்து நிமிடம் என்றால் எட்டில் தொடங்குவார்கள். வலி குறைந்த நாளிலும் எட்டுதான், கூடிய நாளிலும் எட்டுதான். பலர் சறுக்குவது நல்ல நாளில்தான். ‘இன்னைக்கு வலியே இல்லையே’ என்று வீடு முழுக்க ஒட்டடை அடித்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவார்கள். எட்டு பழகிய பின் ஒன்பது, பிறகு பத்து. பார்ப்பதற்கு அற்பமாகத்தான் இருக்கும்.

அடுத்தது பயம். ‘குனிந்தால் ஜவ்வு விலகிவிடும்’ என்று நம்புகிறவர் குனியவே மாட்டார். தசை இளைக்கும், வலி கூடும், பயம் உறுதிப்படும். பெல்ஜியத்துக்காரர் யோஹான் விளாயனும் ஸ்டீவன் லிண்டனும் 2000இல் இந்தச் சுழலை விளக்கினார்கள். பயப்படும் வேலைகளை வரிசைப்படுத்தி, லேசானதிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துபார்ப்பதே வழி. முதலில் தரையில் கிடக்கும் துண்டு, பிறகு கால் வாளித் தண்ணீர், அப்புறம் அரை வாளி. செய்யும்முன் என்ன ஆகும் என்று நினைத்தார், உண்மையில் என்ன ஆனது என்று நோயாளி எழுதிக்கொள்வார். ஸ்கேனில் ‘தேய்மானம்’ என்ற சொல்லைப் பார்த்து உறைந்துபோனவர்களுக்கு ஒரு தகவல்: முதுகுவலியே இல்லாத 50 வயதுக்காரர்களிலும் சுமார் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிகிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, எண்ணம், நடத்தை இரண்டையும் சேர்த்துக் கையாளும் சிகிச்சையால் வலியிலும் முடக்கத்திலும் கிடைக்கும் பலன் சிறியது என்றே சொன்னது. ஆனாலும் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் உடற்பயிற்சியையும் இந்தச் சிகிச்சையையும் முன்வைத்தது. பாராசிட்டமாலையும் அபின் வகை மருந்துகளையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. வலி 7இலிருந்து 6 ஆனதா என்பதைவிட, பேத்தியின் பள்ளிக்கூடம்வரை நடக்க முடிகிறதா என்பதை அளப்பது நல்லது என்பது என் கருத்து. உடல், மனம், குடும்பம், பணம் நான்கையும் சேர்த்து வலியைப் பார்க்கும் பழக்கம் திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலித்தணிப்பு அமைப்பு இங்கிருந்துதான் இயங்குகிறது.

தொடங்கும்முன் ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். கால் பலம் குறைவது, சிறுநீர் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, முன்பு புற்றுநோய் இருந்தது, இவற்றில் எது இருந்தாலும் நோட்டுப் புத்தகம் காத்திருக்கட்டும். எதுவும் இல்லையென்றால் மறுவாழ்வு மருத்துவத் துறையில் பிசியோதெரபிஸ்டும் மருத்துவ உளவியலாளரும் சேர்ந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியாகச் சீட்டு எழுதினால், ஒருவர் ‘நடங்கள்’ என்பார், மற்றவர் ‘ஓய்வெடுங்கள்’ என்பார்.