எளிய இன்பங்கள்

மாந்தர் துய்க்கும் இன்பங்கள் இருவகைப்படும். வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ பெரும்பொருள் செலவிட்டுப் பெறுவன ஒருவகை. நாள்தோறும் அல்லது கிழமைதோறும் சிறுபொருளால் எய்துவன மற்றொரு வகை. திருமண விருந்து, தொலைநாட்டுப் பயணம், பொன்னணி முதலியன முதல் வகையின்பாற்படும். விடியற்காலையில் அருந்தும் ஒரு குவளைக் காப்பி, விடுமுறை நாளில் மேற்கொள்ளும் ஓர் உலா, உறவினர் இல்லத்திற்குக் கொண்டுசெல்லும் ஒரு பொட்டலம் இனிப்பு ஆகியன இரண்டாம் வகையைச் சாரும். பெரிய இன்பங்களை மக்கள் நெடுநாள் நினைவில் வைத்துப் பேசுவர்; சிறியவற்றையோ பெற்ற அன்றே மறந்துவிடுவர். எனினும், எண்ணிப் பார்ப்பின், ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியிற் பெரும்பகுதி இவ்விரண்டாம் வகையினாலேயே அமைந்திருத்தல் புலனாகும்.

இவை எளியவை எனப்படுதல் துய்ப்போரை நோக்கியே ஆகும். ஆக்குவோரை நோக்கின், இவற்றுள் ஒன்றேனும் எளிதில் அமைந்ததன்று. உணவு இன்பந்தர வேண்டுமாயின் அதன் தூய்மையில் நம்பிக்கை வேண்டும். உலா இன்பந்தர வேண்டுமாயின் யாவர்க்கும் உரிய பொதுவிடம் வேண்டும். கொடை இன்பந்தர வேண்டுமாயின் அதற்கோர் அளவு வேண்டும். இவ்வுண்மையைச் சென்னை மாநகரின் வடபகுதியைச் சான்றாகக் கொண்டு அறியலாம்.

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்கள் கடலையொட்டி அமைந்துள்ளன. மணலியும் மாதவரமும் அவற்றிற்கு மேற்கே உள்நிலத்தில் உள்ளன. தென்னிந்தியாவின் முதற் பயணியர் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் புறப்பட்டது இராயபுரத்திலிருந்தே ஆகும். துறைமுகமும் இருப்புப்பாதையும் வந்தபின் ஆலைகள் வந்தன. ஆலைகளை நாடித் தொழிலாளர் வந்தனர். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூராய் இருந்த மாதவரமும் மெல்ல நகரின் தன்மையை எய்தி, 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. இப்பகுதியில் வாழ்வோருட் பலர் ஆலையிலும் துறைமுகத்திலும் சரக்கு வண்டியிலும் உழைப்போர். கிழமைக்கு ஒருநாளே ஓய்வு பெறும் இவர்களுக்கு எளிய இன்பங்களே பெரும்பாலும் கைக்கெட்டிய இன்பங்கள்.

முதற்கண் உணவைக் காண்போம். மாதவரம் என்றவுடன் பலர்க்கும் நினைவிற்கு வருவது பால்பண்ணை. அப்பண்ணை தோன்றிய காரணத்தை அறிய, பழைய நாளைய நகர வாழ்க்கையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நாளில் பால்காரர் தம் பசுவை வீட்டு வாயிலுக்கே ஓட்டிவந்து, வீட்டாரின் கண்முன் பால் கறந்து கொடுப்பதுண்டு. கன்று இறந்துபோயின், அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திக் கறப்பர். இத்துணைத் தொல்லை எதன்பொருட்டு? பாலில் நீர் கலந்துவிடுவரோ என்னும் ஐயத்தின்பொருட்டேயாம். கண்முன் கறந்தபோதும், பாத்திரத்தின் அடியில் முன்னரே நீர் இருந்ததோ என்று கவிழ்த்துப் பார்ப்பாரும் இருந்தனர். வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையே நம்பிக்கை இல்லாதவிடத்து, ஒரு குவளைப் பாலும் நாள்தோறும் ஒரு வழக்காய் முடிந்தது. மேலும், நெருக்கமான தெருக்களில் மாடுகளைக் கட்டி வளர்த்தமையால் தூய்மையும் கெட்டது.

இக்குறைகளை நீக்கும் பொருட்டு, நகரத்து மாடுகளுக்கு ஊர்ப்புறத்தில் இடம் அளித்தல் நன்று என அறிஞர் கருதினர். பம்பாய்க்கு அருகில் ஆரே என்னுமிடத்தில் 1949-இல் இவ்வாறு ஒரு பால் குடியிருப்பு அமைந்தது. சென்னைக்கு அத்தகைய இடமாய் வாய்த்தது மாதவரம். 1958-இல் பால்வளத்துறை தோன்றியது. 1963-இல், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து நாடு செய்த உதவியுடன், மாதவரத்தில் பால் பதப்படுத்தும் நிலையம் நிறுவப்பெற்றது. 1981-இல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம் அமைந்தது. அதன் பொருள்களே 'ஆவின்' என்னும் பெயரால் விற்கப்பெறுகின்றன. 'ஆ' என்னும் ஓரெழுத்து ஒருமொழி பசுவைக் குறிக்கும். 'ஆவின்' என்பது பசுவினுடைய எனப் பொருள்படும். பழந்தமிழ்ச் சொல்லொன்று இன்று நகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் வழங்குதல் மகிழ்தற்குரியது.

சிற்றூரில் கறக்கும் பால் நகரத்து வீட்டை வந்தடையும் முறையும் அறிதற்குரியது. காலையிலும் மாலையிலும் உழவர் தம் பாலைக் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டுவந்து அளப்பர். அங்கே பால்மானி என்னும் கருவி பாலின் அடர்த்தியைக் காட்டும். நீர் கலப்பின் அடர்த்தி குறையும். ஆனால், பாலாடையை எடுத்துவிட்டால் அடர்த்தி மிகும். ஆதலின், ஆடையை எடுத்துவிட்டு நீரையும் கலப்பவன் பால்மானியை ஏமாற்றல் கூடும். இவ்வஞ்சனைக்கு மாற்றாக, பாலிலுள்ள கொழுப்பைத் தனியே பிரித்தளக்கும் முறையொன்றை 1891-இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் நிக்லாஸ் கெர்பர் வகுத்தார். அடர்த்தி, கொழுப்பு ஆகிய இரண்டையும் நோக்கி விலை வைத்தமையால், நேர்மையாக ஊற்றுவோர்க்கு நல்ல விலையும், வாங்குவோர்க்கு நல்ல பாலும் கிடைக்கலாயின.

பின்னர்ப் பால் குளிர்விக்கப்பெற்று நிலையத்தை அடையும். ஆங்கு 72 பாகை செல்சியசு வெப்பத்தில் 15 நொடி காய்ச்சி, உடனே ஏறத்தாழ 4 பாகைக்குக் குளிர்விப்பர். நோய் விளைக்கும் நுண்ணுயிர்கள் இதனால் மாயும். பாலின் சுவையும் பெரிதும் மாறாது. அதன்பின் உறைகளில் அடைத்து, ஊர் உறங்கும் வேளையில் வண்டிகளில் ஏற்றுவர். 3 விழுக்காடு கொழுப்புள்ள பால் நீல உறையிலும், 6 விழுக்காடு கொழுப்புள்ள பால் ஆரஞ்சு நிற உறையிலும் வரும். உறையின் நிறத்தைக் கண்டே சிறுவரும் தமக்கு வேண்டிய பாலை வாங்கி வருதல் இயலும். செல்வர் பசுவொன்றை வளர்த்தேனும் நல்ல பால் பெறுவர். அரை லிட்டர் பால் வாங்கும் தொழிலாளியின் வீட்டில், குழந்தைக்குப் புகட்டும் தாய் எக்கருவியால் அப்பாலைச் சோதித்தல் கூடும்? பிறர் செய்யும் சோதனையை நம்பியே அவள் புகட்டுகிறாள். அந்நம்பிக்கை பொய்க்குமாயின் முதற்கண் இழப்பெய்துவோர் ஏழையரே.

சுவையால் இப்பகுதி பெற்ற பிறிதொரு கொடையும் உண்டு. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. பின்னர் ஆங்கு வணிகமும் தொழிலும் அரசுடைமையாயின. பல தலைமுறைகளாய் அங்கு வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் தம் உடைமைகளை இழந்து கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவருட் பலர் வடசென்னையில் குடியேறினர். கையில் பொருளில்லாத அவர்கள் பிழைப்பிற்காகத் தெருவோரத்தில் தாம் அறிந்த பர்மிய உணவைச் சமைத்து விற்றனர். கோதுமை இழைகளுடன் வறுத்த வெங்காயமும் புளிப்பும் உறைப்பும் கூட்டிக் கையாற் பிசைந்து தரும் 'அத்தோ' அவ்வாறு வந்ததே ஆகும். அதனுடன் சூடான வாழைத்தண்டுச் சாறும் தருவர். இன்று மாலைவேளையில் அதனை விரும்பி உண்போர் பலர். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் தம்மை ஏற்ற ஊருக்கு ஒரு புதுச்சுவையைத் தந்தனர் என்பதை உண்போர் அறிந்திருத்தல் நன்று.

அடுத்து உலாவினைக் காண்போம். சென்னையில் உலா என்றவுடன் மெரினாக் கடற்கரையே யாவர் நினைவிலும் எழும். 1880-களில் ஆளுநர் கிராண்ட் டப் அங்கு உலாப்பாதை அமைத்து, அப்பெயரையும் இட்டார். அக்கரையின் பரந்த மணற்பரப்பு துறைமுகத்தின் விளைவாகப் பெருகியது என்பதைப் பலர் அறியார். இக்கடலோரத்தில் அலைகள் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கின்றன. 1870-களில் துறைமுகத்திற்காகக் கடலினுள் கட்டத் தொடங்கிய சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே செல்லவேண்டிய மணல் செல்லாமையால், இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரையைக் கடல் அரித்தது. மணல்வெளிகளும் மீனவர் குடில்களும் அழிந்தன. எஞ்சிய நிலத்தைக் காக்கும் பொருட்டுக் கருங்கற்களைக் கொட்டி அரண் அமைத்தனர். நகரத்தின் ஒரு கரை உலாவும் இடமாயிற்று. மற்றொரு கரை கல்லரணாயிற்று.

ஆதலின், வடபகுதி மக்களுக்குப் பிற பொதுவிடங்கள் இன்றியமையாதன ஆயின. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் அவற்றுள் பழைமையானது. வழிபடச் செல்வோர் பெரிய திருச்சுற்றில் அமர்ந்து இளைப்பாறுவர், பிள்ளைகள் ஓடியாடுவர். அருகே கடலை நோக்கிப் பட்டினத்தாரின் நினைவிடம் உள்ளது. மாதவரத்திலோ, பால்பண்ணைப் பகுதியில் தோட்டக்கலைப் பூங்கா ஒன்று அமைந்துள்ளது. 1989-இல் தோன்றிய கால்நடை மருத்துவ அறிவியற் பல்கலைக்கழகமும் அப்பகுதியையே தன் தலைமையிடமாகக் கொண்டுள்ளது. மரநிழல் மிக்க அவ்வழியே செல்வோர், ஆலைப் புகையை மறந்து சிறிது நேரம் நல்ல காற்றை உயிர்ப்பர்.

பூங்காவிற்குச் செல்லும் குடும்பத்திற்குத் தேவைப்படுவன யாவை? கட்டுச்சோறு ஒரு பாத்திரம், குடிநீர் ஒரு குடுவை, விரித்தமர ஒரு போர்வை. புளியஞ்சோறும் வறுத்த அப்பளமும் வீட்டில் உண்ணும்போது தரும் சுவையினும் மரநிழலில் உண்ணும்போது தரும் சுவை மிகுதி. ஆனால், உண்டபின் இலையையும் காகிதத்தையும் அங்கேயே எறிந்து செல்வோர், அடுத்து வருவோரின் இன்பத்தைத் திருடுவோர் ஆவர். தம் வீட்டில் தோட்டமுடையார் பொதுப் பூங்கா கெட்டாலும் வருந்தார். ஓர் அறையில் அறுவர் வாழும் குடும்பத்திற்கோ அப்பூங்காவே தோட்டம். அது கெடின் அவர்கள் செல்லுதற்கு வேறிடம் இல்லை.

இறுதியாகக் கொடையினை நோக்குவோம். குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டிற்கு வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது தமிழர் வழக்கு. சீப்பு வாழைப்பழமோ, முழம் மல்லிகையோ, கால் கிலோ பால்கோவாவோ அதற்குப் போதும். சர்க்கரை சேராத ஒரு கிலோ கோவா செய்தற்கு ஏறத்தாழ 5 லிட்டர் பசும்பால் வேண்டும். மணிக்கணக்காய்க் கிளறிச் சுண்டச்செய்த அச்சிறு பொட்டலத்தில் பலருடைய உழைப்பும் சுண்டியிருக்கின்றது. அண்டைவீட்டார் பலகாரம் அனுப்பிய பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பாது, ஒரு கைப்பிடி சர்க்கரையேனும் இட்டு அனுப்புதல் மற்றொரு வழக்கு. இரமலான் திங்களில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைப் பிற சமயத்தாரும் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிச் செல்வர். பொங்கலன்று பொங்கலும், கிறித்துமசு நாளில் கேக்கும் அவ்வாறே வீடு மாறிச் செல்லும்.

கொடுத்தலிலும் வகையுண்டு. திருவள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும், ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்துள்ளார். திருமணத்தில் எழுதும் மொய் இவ்விரண்டினும் வேறானது. யார் எவ்வளவு தந்தார் என ஏட்டில் எழுதிவைத்து, அவர் வீட்டு விழாவில் திருப்பித் தருதல் மரபு. பெருஞ்செலவு வந்துற்ற குடும்பத்திற்கு ஊரார் சேர்ந்து தோள்கொடுக்கும் ஏற்பாடு அது. ஆனால், தகுதிக்கு மிஞ்சிச் செய்யும் சீரும், பிறர் செய்ததனினும் உயர்வாய்ச் செய்யவேண்டும் என்னும் போட்டியும் புகுமாயின், கொடை கடனாய் மாறும். கடன் வாங்கி வாங்கிய பரிசு, தந்தவர்க்கும் இன்பம் தாராது. அதனை அறியின் பெற்றவர்க்கும் இன்பம் தாராது.

அளவறிந்த கொடை எத்துணைப் பயன் தரும் என்பதற்கு இந்நாட்டின் பால்வரலாறே சான்று. 1970-இல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டத்திற்கு, ஐரோப்பிய நாடுகள் உலக உணவுத் திட்டத்தின் வழியாகப் பால்பொடியையும் வெண்ணெய் எண்ணெயையும் கொடையாக அளித்தன. அவற்றை இலவசமாக வாரி வழங்கியிருப்பின் சில நாள் இன்பத்துடன் அக்கொடை தீர்ந்திருக்கும். உழவரின் பாலும் விலைபோகாது கெட்டிருக்கும். திட்டத்தை வகுத்த வர்கீஸ் குரியன் முதலியோர் அவ்வாறு செய்திலர். கொடையைப் பாலாக்கிப் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் நேர்விலைக்கு விற்று, அப்பொருளைக் கொண்டு பால் நிலையங்களையும் சங்கங்களையும் வளர்த்தனர். 1998-இல் உலகிலேயே மிகுதியாகப் பால் விளைக்கும் நாடாக இந்தியா உயர்ந்தது.

ஆகவே, எளிய இன்பங்களைச் சிறியவை என இகழ்தல் தகாது. பாலை அளப்பவர் நேர்மையாய் அளந்தால் காப்பி இனிக்கும். பூங்காவிற்கு வருவோர் தூய்மை காத்தால் உலா இனிக்கும். கொடுப்போர் தம் நிலையறிந்து கொடுத்தால் பரிசு இனிக்கும். இவற்றுள் யாதொன்றும் பெருஞ்செல்வத்தை வேண்டுவதன்று. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தலையே வேண்டுவது. ஆலையில் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் பிள்ளைகளின் கைப்பிடித்து வெளியே வரும் ஒருவர்க்கு அவ்வொருநாள் இனிதாய் அமைதல், அவரை அறியாத பலருடைய நேர்மையைப் பொறுத்தது. அப்பலருள் ஒருவராய் விளங்குதல் மாணவர்க்கும் இன்றே இயலும்.