இனிப்புநீரும் கோவிட்டும்: பத்து என்கிற எல்லைக்கோடு

கோவிட் பரவிய முதல் மாதங்களில் சீனாவின் ஹூபேய் மாநிலத்து மருத்துவர்கள், 19 மருத்துவமனைகளின் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் பார்த்தார்கள். சேர்க்கப்பட்டிருந்த 7,337 பேரில் 952 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. அவர்களில் இரத்தச் சர்க்கரை 3.9 முதல் 10 மில்லிமோல் வரைக்குள் நின்றவர்களில் 1.1 விழுக்காட்டினர் இறந்தார்கள். பத்தைத் தாண்டியவர்களில் 11 விழுக்காட்டினர் இறந்தார்கள். நோய் முற்றியதால்தான் சர்க்கரை ஏறியதோ என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் வயதையும் மற்ற நோய்களையும் ஈடுகட்டிப் பார்த்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை.

'இனிப்புநீர் இருக்கிறது, கோவிட் வந்தால் அவ்வளவுதான்' என்று 2020-இல் நம் வீடுகளில் பேசிக்கொண்டதற்கு இந்தக் கணக்கு நேரான பதில். நோய் இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது, அதை மறுக்க முடியாது. இங்கிலாந்தில் அந்த ஆண்டின் முதல் அலையில் மருத்துவமனைகளில் கோவிட்டால் இறந்தவர்களில் மூவரில் ஒருவர் நீரிழிவு உள்ளவர். ஆனால் அந்த ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. அதில் ஒரு பெரிய பங்கு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

மலேசியத் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல. கிருமி வருவதற்குச் சற்று முன் எடுக்கப்பட்ட 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. மற்ற எந்த இனத்தைவிடவும் அதிகம். இதைவிட எனக்கு அச்சம் தருவது இன்னொன்று: நாடு முழுவதும் நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

இப்படிப்பட்ட நிலையில்தான் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பினாங்கில் பாயான் பாருவின் அடுக்குமாடி வீடுகளில் குடும்பங்கள் அடைந்து கிடந்தன. கடைக்குப் போக ஒரு வீட்டுக்கு ஒருவர். காலையில் நடைப்பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் தடை. கிருமியைத் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால் இனிப்புநீர்க்காரருக்கு நடைதான் பாதி மருந்து. தசை அசையும்போது இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே இரத்தத்துச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வழி அடைபட்டது. ரொட்டி சானாயும் தே தாரேக்கும் வாசலுக்கே வரத் தொடங்கின. கிளினிக்குக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் பலர் மருத்துவச் சந்திப்பைத் தள்ளிப்போட்டார்கள். அரசாங்க மருந்தகங்கள் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அது அப்போது எத்தனையோ பேருக்குக் கைகொடுத்தது.

சர்க்கரை கூடிய உடலில் என்ன நடக்கிறது? கிருமியைத் தேடிப்போய் விழுங்க வேண்டிய வெள்ளணுக்கள், சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் மந்தமாகிவிடுகின்றன. இரத்தக் குழாய்களின் உட்சுவர் ஏற்கெனவே புண்பட்டிருப்பதால் இரத்தம் எளிதில் உறைகிறது. கோவிட்டும் அதே குழாய்களைத்தான் தாக்குகிறது. கூடவே, காய்ச்சல் வந்ததும் உடல் கார்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை ஈரலில் உள்ள சர்க்கரையை இரத்தத்தில் கொட்டச் செய்து, இன்சுலினின் வேலையையும் கெடுக்கின்றன. ஆகவே ஒரு வாய் சோறு உண்ணாதவருக்கும் சர்க்கரை ஏறும்.

இதை அறியாததால் நேரும் தவறு ஒன்று உண்டு. 'சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?' என்று இன்சுலினை நிறுத்திவிடுவது. முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு இது உயிராபத்து. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்கும், இரத்தம் அமிலமாகும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சுவாங்குதல் எல்லாம் அதன் அடையாளங்கள். மூச்சிரைப்பை மட்டும் பார்த்து 'கோவிட்தான்' என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். இன்சுலினின் அளவை மாற்றலாம், அதையும் மருத்துவரைக் கேட்டே மாற்றவேண்டும். நிறுத்தக்கூடாது.

மாத்திரைகளின் கதை வேறு. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக உடல் வற்றிப்போனால் மெட்ஃபார்மினையும், எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் போன்றவற்றையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். கிளிக்கிளசைட் எடுப்பவர் உண்ணாமல் இருந்தால் சர்க்கரை 4-க்குக் கீழே சரிந்து மயக்கம் வரலாம். எனவே நோய் வந்த நாள்களுக்கான விதியை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்ப்பதும், தண்ணீர் நிறையக் குடிப்பதும் அதில் அடங்கும்.

2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு கடும் நோயாளிகளைக் காக்கிறது என்று காட்டியது. சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த மருந்து சர்க்கரையையும் ஏற்றும். சர்க்கரை ஏறிய உடலில் எளிதில் தொற்றும் கருப்புப் பூஞ்சை நோய் 2021-இல் இந்தியாவில் பரவியபோது, ஜூன் இறுதிக்குள் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு நீரிழிவு இருந்தது, பலர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். தமிழ்நாட்டில் கண்ணையே இழந்தவர்கள் உண்டு. மருந்து நல்லதுதான். ஆனால் லேசான கோவிட்டுக்கும் அதைத் தாமாக வாங்கி விழுங்கியதும், எடுத்தவர்களுக்குச் சர்க்கரையைப் பார்க்காமல் விட்டதும் பெருங்குற்றம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றியும் நம்மவர்கள் அறியவேண்டும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வொன்று, கருப்பினத்தவரின் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டிய தருணங்கள் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. கருத்த தோலில் அந்த எண்ணை முழுதாக நம்பிவிடக்கூடாது. எண் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தாலோ, நாலடி நடந்ததும் மூச்சு வாங்கினாலோ, 95 காட்டுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

2021-இல் பாயான் பாருவின் ஸ்பைஸ் அரங்கம் தடுப்பூசி மையமானது. நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கும் முதியோருக்கும் முன்னுரிமை கிடைத்தது. கோவிட் இன்னும் நம்மிடையே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, சளிக்காய்ச்சலும் டிங்கியும் கூடவே. எந்தக் காய்ச்சலானாலும் உடலுக்குள் சர்க்கரை ஏறும் வழி இதேதான். கோப்பிக்கடையில் சர்க்கரை இல்லாத 'கோசோங்' கேட்பதும், மாலையில் அரைமணி நடப்பதும், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே மருந்து வாங்கி வைப்பதும் அடுத்த காய்ச்சலுக்கான தயாரிப்பு.

தெரியாமலே நோயைச் சுமக்கும் அந்தப் பாதிப்பேரில் நம் வீட்டார் எத்தனை பேர் என்பதைப் பரிசோதித்தால்தான் சொல்லமுடியும். முப்பது வயதைத் தாண்டியவர்களும், பெற்றோருக்கு இனிப்புநீர் உள்ளவர்களும், கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறிய பெண்களும் முதலில் போகவேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்.