நாய்களுக்கான நடத்தைச் சிகிச்சை

நாய்களுக்கான நடத்தைச் சிகிச்சை என்பது கடித்தல், மிகை அச்சம், தனிமைப் பதற்றம் போன்ற கடுமையான நடத்தைச் சிக்கல்கள் உள்ள வளர்ப்பு நாய்களுக்குத் தகுதி பெற்ற வல்லுநர்கள் அளிக்கும் உதவியைக் குறிக்கும். இது உட்காருதல், அழைத்தால் வருதல் போன்றவற்றைக் கற்பிக்கும் கீழ்ப்படிதல் பயிற்சியிலிருந்து வேறுபட்டது. பயிற்சி, நாய்க்குத் தெரியாத ஒன்றைக் கற்றுத் தருகிறது. நடத்தைச் சிகிச்சையோ அந்நடத்தைக்கு அடியில் உள்ள அச்சத்தையும் பதற்றத்தையும் குறைக்க முயல்கிறது. நாய்கள் கைவிடப்படுவதற்கும் கருணைக்கொலை செய்யப்படுவதற்கும் நடத்தைச் சிக்கல்கள் ஒரு முக்கிய காரணமாக உள்ளதால், காலம் தாழ்த்தாமல் உதவி பெறுவது இன்றியமையாதது.

உதவி தேவைப்படும் நிலைகள்

பின்வரும் நிலைகளில் வல்லுநரின் உதவி தேவைப்படுகிறது:

* மனிதரையோ பிற விலங்கையோ கடித்தல் அல்லது கடிக்க முயலுதல்
* உணவு, படுக்கை, பொருள் ஆகியவற்றை நெருங்குவோரிடம் சீறுதல்
* தனித்து விடப்படும்போது கதவைப் பிறாண்டுதல், இடைவிடாது ஊளையிடுதல், தன்னைக் காயப்படுத்திக் கொள்ளுதல்
* வெடியோசை, இடி ஆகியவற்றிற்குக் கட்டுக்கடங்காமல் அஞ்சுதல்
* வாலைத் துரத்துதல், காலை நக்கிப் புண்ணாக்குதல் போன்ற கட்டாயச் செயல்கள்

கடியின் கடுமையை அளவிடக் கால்நடை மருத்துவர் இயன் டன்பார் வகுத்த ஆறு நிலை அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. பல் தோலில் படாமல் மிரட்டுவது முதல் நிலை. பல் பட்டும் தோல் துளைக்கப்படாதது இரண்டாம் நிலை. ஒரே கடியில் ஆழமற்ற துளைகள் உண்டாவது மூன்றாம் நிலை. துளை கோரைப்பல்லின் பாதி நீளத்தை விட ஆழமாக இருப்பின் அது நான்காம் நிலை. பலமுறை ஆழமாகக் கடிப்பது ஐந்தாம் நிலை. உயிரிழப்பு ஆறாம் நிலை ஆகும். நிலை உயர உயர, நாய் திருந்தும் வாய்ப்பு குறைகிறது.

வல்லுநர்கள்

நாய்ப் பயிற்சியாளர் தொழிலுக்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் தேவையில்லை. எவரும் தம்மைப் பயிற்சியாளர் என அழைத்துக் கொள்ளலாம். கால்நடை நடத்தை மருத்துவரோ, கால்நடை மருத்துவப் பட்டத்திற்குப் பின் நடத்தையியலில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். 1993 இல் தோன்றிய அமெரிக்கக் கால்நடை நடத்தையியலாளர் கல்லூரி, பெயரில் கல்லூரியாயினும், தேர்வு நடத்தி இத்தகையோருக்குச் சான்றளிக்கும் அமைப்பே ஆகும். இத்தகைய மருத்துவர் அருகில் இல்லாத இடங்களில், வழமையான கால்நடை மருத்துவரை முதலில் அணுகுவதே முறை.

சிகிச்சை முறை

முதற்படி உடற்பரிசோதனை. மூட்டு வலி, காதுப் புண், பார்வைக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறை, மூளை நோய் ஆகியவை நாயின் நடத்தையை மாற்றக்கூடும். இந்தியா போன்ற, வெறிநாய்க்கடி நோய் பரவியுள்ள நாடுகளில், திடீர் மூர்க்கம் அந்நோயின் அறிகுறியா என்றும் ஆராயப்பட வேண்டும்.

அடுத்து, சிக்கல் எப்போது, எங்கு, எவர் முன்னிலையில் நிகழ்கிறது என்னும் வரலாறு கேட்டறியப்படுகிறது. நிகழ்படப் பதிவுகள் இதற்குத் துணை செய்யும். ஆனால் பதிவு செய்வதற்காக நாயைச் சீண்டலாகாது.

மூன்றாவதாக, மேலும் கடி நிகழாதவாறு சூழல் மாற்றப்படுகிறது. தடுப்புக் கதவு, தனியறை, கூடை வடிவ வாய்க்கவசம் ஆகியவை பயன்படுகின்றன. கூடை வடிவக் கவசம் அணிந்த நாயால் இரைக்கவும் நீர் அருந்தவும் இயலும்.

அதன்பின், அஞ்சும் பொருளை நாய் பதற்றமடையாத தொலைவில் காட்டி, உடனே விருப்பமான உணவு தரப்படுகிறது. தொலைவு சிறிது சிறிதாகக் குறைக்கப்படுகிறது. நாளடைவில் அப்பொருள் உணவின் வரவை உணர்த்தும் அடையாளமாகிறது. இவான் பாவ்லோவ் கண்டறிந்த பழக்குதல் கோட்பாடே இதற்கு அடிப்படை.

தேவைப்படின் மருந்தும் சேர்க்கப்படும். தனிமைப் பதற்றத்திற்குக் குளோமிப்ரமின் 1998 இலும், புளூவாக்செட்டின் 2007 இலும் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் ஒப்புதலைப் பெற்றன. இவை பயன் தரச் சில வாரங்கள் ஆகும். பழக்குதலுடன் சேர்த்தே தரப்படுகின்றன. மனிதருக்கான மாத்திரைகளை உரிமையாளர் தாமாகவே கொடுப்பது ஆபத்தானது.

தண்டனையும் ஆதிக்கக் கருத்தும்

நாய் வீட்டின் தலைமையைக் கைப்பற்ற முயல்கிறது, எனவே அதை அடக்க வேண்டும் என்ற கருத்து, 1947 இல் ருடால்ப் ஷென்கெல் வெளியிட்ட, அடைக்கப்பட்ட ஓநாய்கள் பற்றிய ஆய்வுடன் தொடர்புடையது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என 1999 இல் டேவிட் மெக் விளக்கினார். அடித்தலும் மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையும் அச்சத்தைக் கூட்டக்கூடும். உறுமலுக்குத் தண்டிக்கப்படும் நாய் உறுமுவதை விட்டுவிடலாம், அச்சத்தை விடுவதில்லை. அது பின்னர் எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாயாகலாம். ஆகவே முழு உத்தரவாதம் அளிப்பவரையும், தம் முறைகளை விளக்க மறுப்பவரையும் தவிர்ப்பது நன்று.

வரம்புகள்

நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் சிக்கலைக் குறைக்கிறதே அன்றி முற்றிலும் நீக்குவதில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஆழமாகக் கடித்த நாயை வைத்திருப்பது எப்போதும் பாதுகாப்பானதன்று. அத்தகைய நாயை, அதன் கடி வரலாற்றை மறைத்து வேறொருவரிடம் ஒப்படைப்பதும் முறையன்று. சில வேளைகளில் கருணைக்கொலையும் பரிசீலிக்கப்படுகிறது. இம்முடிவை உரிமையாளர் தனியே எடுக்காமல், மருத்துவருடன் கலந்து எடுப்பதே நல்லது.

கடிபட்டவர், நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி உடனே மருத்துவரை நாட வேண்டும்.