வீட்டுக்குள் ஒரு வேட்டைக்காரர் – 14: கடல்நீர் குடித்த பூனைகள்

டாரின் என்ற சத்தின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. சோற்றில் அது கிடையாது, மீனிலும் கறியிலும் உண்டு என்பது நினைவிருந்தால் போதும். ஈர உணவா, உலர் உணவா என்பதை இந்த வாரம் விலைக் கணக்கோடு பேசுவதாகச் சொல்லியிருந்தேன். மாலை ஆறு மணிக்குள் பக்கம் போயாக வேண்டும். கணக்கு எழுதிய நோட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மூன்று நாளாக வேறொரு செய்தி மனத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பூனையால் கடல்நீரைக் குடித்துத் தாகம் தீர்த்துக்கொள்ள முடியும்.

1959-ல் ஏ.வி. வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க உடலியல் ஆய்விதழ் ஒன்றில் பூனையின் தாகத்தைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். குடிக்கத் தண்ணீரே வைக்காமல் மீனோ இறைச்சியோ மட்டும் போட்டால் பூனை தாங்குமா என்பது முதல் கட்டுரையின் கேள்வி. தாங்கியது. அந்த மீனிலும் இறைச்சியிலும் இருந்த ஈரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த கட்டுரையில் ஒரு படி மேலே போய், உடம்பில் நீர் வற்றிய பூனைகளுக்குக் கடல்நீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். பூனைகள் குடித்தன, தேறின.

இதன் அருமை புரிய வேண்டுமென்றால் நம்மை நினைத்துப் பார்க்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கப்பல் உடைந்து நடுக்கடலில் தவிக்கிறவர் அதைக் குடித்தால் சாவை விரைவாக வரவழைத்துக்கொள்கிறார். ஒரு குவளைக் கடல்நீரோடு உள்ளே போன உப்பை வெளியேற்ற, மனிதச் சிறுநீரகத்துக்கு ஒரு குவளைக்கு மேலேயே தண்ணீர் செலவாகும். வரவை மிஞ்சிய செலவு. பூனையின் சிறுநீரகமோ நம்முடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு கெட்டியாகச் சிறுநீரை இறுக்கக்கூடியது. உப்பை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளும். (வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். வயதான பூனைக்கும் சிறுநீரகம் பழுதான பூனைக்கும் உப்பு கேடு.)

இதைப் பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டையில் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தை மாதம். தெருவெல்லாம் மக்காச்சோளம் காய்கிறது. இந்த மாவட்டத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். பெரம்பலூருக்குத் தெற்கே காரை, குளக்காநத்தம் பக்கம் போய் வெறும் காலோடு நடந்து பாருங்கள். சுருள் சுருளான அம்மோனைட் சிப்பிகள் மண்ணில் கிடக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சின்ன வயதில் அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ ஆட்டுக்கடா கொம்பு கல்லாகிவிட்டது என்று நம்பியிருந்தேன். அந்தக் காரைக் கடல் காலத்தில் பூனை இனமே உலகத்தில் கிடையாது. ஆனாலும் இந்த வாரம் முழுக்க அந்த இரண்டும் என் நினைப்பில் சேர்ந்தே வருகின்றன.

நம் வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலத்தில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மேற்காசியாவில் மனிதர்கள் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கியதும், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சித்தி வீட்டிலும் இதே வரிசைதான். முதலில் மக்காச்சோள மூட்டை, அப்புறம் எலி, அதற்கப்புறம் செவலை. செவலை என்பது மாட்டுக்கு வைக்கிற நிறப்பெயர். சித்தி அதையே இந்தக் கடுவன் பூனைக்கும் வைத்துவிட்டார்.

எலியின் உடம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். வேட்டையாடும் பூனைக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒரே இலையில் பரிமாறப்படுகின்றன. தனியாகப் போய்த் தண்ணீர் தேடும் தேவை அதற்கு வரவில்லை. அதனால் தாகம் என்ற உணர்ச்சியே அதற்கு மந்தம். நாயின் முன்னால் தண்ணீரை வைத்தால் தொண்டை வற்றும் முன்பே குடிக்கும். பூனை, உடம்பு நன்றாக வற்றிய பிறகுதான் கிண்ணத்தின் பக்கம் திரும்பும். கடல்நீரைக் கூடச் சமாளிக்கும் சிறுநீரகத்தோடு சேர்ந்து வந்த குணம் இது. பாலைவனத்தில் அது வரம். நம் வீட்டுக் கூடத்தில், தட்டு நிறைய உலர் உணவு இருக்கும்போது, அதுவே ஆபத்து.

நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு எல்லா வழியிலுமாகச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். உலர் உணவில் ஈரம் 100-க்கு 6 முதல் 10 வரைதான். அந்தப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 55 கிராம் உலர் உணவு வயிற்றுக்குப் போதும். அதிலிருந்து கிடைக்கும் தண்ணீர் ஒரு தேக்கரண்டி. அதே பசிக்கு 80 கிராம் ஈர உணவுப் பவுச் மூன்று ஆகும். பவுச்சிலும் டின்னிலும் 100-க்கு 75 முதல் 82 வரை தண்ணீர். மூன்று பவுச் சாப்பிட்ட பூனை, நக்காமலேயே 190 மில்லி குடித்துவிட்டது. உலர் உணவு தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பள்ளத்தை முழுக்க நிரப்பாது. அதன் சிறுநீர் எப்போதும் கெட்டியாகவே நிற்கும்.

அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதைச் சென்ற பங்குனியில் இதே வீட்டில் பார்த்தேன்.

அதுவரை செவலைக்குப் பெரம்பலூர் கடையில் வாங்கி வந்த உலர் உணவுதான். பருத்திக்காட்டுக்குப் போய் வருகிற சித்திக்கு அது வசதி. காலையில் தட்டை நிரப்பினால் மாலை வரை கவலையில்லை. ஒருநாள் விடிகாலையில் சித்தியின் போன்.

“சாமி, செவல மூட்டச் சந்துல போயிப் போயி குந்துது. ஒண்ணும் வரல. வயிறு கட்டிக்கிச்சுன்னு நெனைக்கிறேன். வெளக்கெண்ண குடுக்கவா?”

“எத்தன நாளா சித்தி?”

“நேத்து ராத்திரிலருந்து. கத்துதுடா, கேக்க முடியல.”

நானும் மலச்சிக்கல் என்றே நினைத்தேன். கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அரை நாள் வீணாயிற்று. மதியம் நான் வந்து பார்த்தபோது செவலை முன்னங்கால்களை ஊன்றி, முதுகை வளைத்து, வாலைத் தூக்கி உட்கார்ந்திருந்தது. சாக்கின் மேல் ஒரு சொட்டு. இளஞ்சிவப்பு. விரலால் தொட்டேன், காய்ந்த ஓரத்தில் மாவு போல நறநறவென்று இருந்தது. அந்த நறநறப்புதான் வியாதி. சிறுநீரில் கரையாத உப்புப் படிகங்கள் சேர்ந்து, கடுவனின் மெல்லிய சிறுநீர்க் குழாயை நுனியில் அடைத்துவிட்டிருந்தன. பெண் பூனைக்குக் குழாய் அகலம், அடைப்பு அரிது. கடுவனுக்கு அடைத்தால் ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும்.

பெரம்பலூருக்கு வண்டியில் கொண்டுபோனோம். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, நூல் போன்ற குழாயைச் செலுத்தி அடைப்பை எடுத்தார். மூன்று நாள் குழாயோடு கிடந்து பிழைத்தது. கடுவன் பூனை வைத்திருக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: அடிக்கடி உட்கார்ந்து ஒன்றும் வராமல் கத்தினால், அது மலச்சிக்கல் என்று முடிவு கட்டாதீர்கள். அன்றைக்கே, அந்த மணிக்கே மருத்துவரிடம் போங்கள்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். உலர் உணவு மட்டுமே இந்த நோய்க்குக் காரணம் இல்லை. உடல் பருமன், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது, புது ஆள், புதுப் பூனை என்று எத்தனையோ சேர்கின்றன. ஆயுள் முழுக்க உலர் உணவிலேயே நன்றாக வாழ்ந்த பூனைகள் ஏராளம். ஆனால் ஒருமுறை அடைத்த கடுவனுக்குத் தண்ணீர் கூடுதலாகப் போயாக வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து இல்லை.

அந்த உலர் உணவுக்குள் இருப்பது என்ன என்று பையைத் திருப்பிப் படித்தபோதுதான் சித்தி வாய்விட்டுச் சொன்னார்: “அடப்பாவி, நம்ம சோளத்தயா நம்ம பூனைக்கு விக்கிறான்?” பொருள் பட்டியலில் மக்காச்சோளம் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. இந்த உணவு செய்யும் எந்திரம் நம் முறுக்கு அச்சின் பெரிய அண்ணன். மாவையும் இறைச்சித் தூளையும் சூட்டிலும் நீராவியிலும் பிசைந்து, அழுத்தி அச்சு வழியாகத் தள்ளுகிறது. வெளியே வந்ததும் பொரி போல உப்புகிறது, கத்தி நறுக்குகிறது. பிறகு காயவைத்து, மேலே கொழுப்பும் வாசனைச் சாறும் தெளிக்கிறார்கள். மாவுச்சத்து இல்லாவிட்டால் அச்சில் உரு நிற்காது. கறியை மட்டும் போட்டு முறுக்குப் பிழிய முடியுமா? பூனையின் உடம்பு மாவுச்சத்தைக் கேட்கவில்லை, எந்திரம்தான் கேட்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்து டின் உணவு குறைந்தபோது உலர் உணவு மேலேறியது. காலைச் சிற்றுண்டித் தானியம் செய்த எந்திரத்திலேயே பியூரினா நிறுவனம் நாய்களுக்கான உணவைப் பிழிந்து 1957-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பூனைகளின் தட்டுக்கும் அதே அச்சு வந்து சேர்ந்தது.

நம் ஊருக்கும் ஓர் உலர் உணவு உண்டு, கருவாடு. சந்தையிலிருந்து வந்த அன்று வீட்டுப் பூனை காலைச் சுற்றும். கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை கொட்டி, வேகவைத்துக் கொடுத்தால் தவறில்லை. உப்போடு அப்படியே போடக் கூடாது.

உலர் உணவின் வசதியை நான் மறுக்கவில்லை. நம் வெயிலில் பவுச்சைப் பிரித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் வாடை மாறுகிறது. காட்டுக்குப் போகிற வீட்டில் மூன்று வேளை யார் பிரித்துக் கொடுப்பது? அதனால் சித்தி வீட்டில் இப்போது நடப்பது இது: காலையிலும் இரவிலும் ஈரம், அதாவது பவுச் அல்லது முள் நீக்கி வேகவைத்த மத்தி, வெந்த தண்ணீரோடு. பச்சை மீன் கிடையாது. சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். பகலில் அளந்து போட்ட ஒரு பிடி உலர் உணவு. என் தீர்ப்பும் இதுதான். பாதியாவது ஈரமாக இருக்கட்டும். ஈர உணவு வாங்க முடியாத வீட்டில், உலர் உணவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குழையவிட்டு, வைத்த அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிடட்டும்.

மீன் குழம்புச் சாற்றை ஊற்றிப் பிசைவது மட்டும் வேண்டாம். அதில் சின்ன வெங்காயம் இருக்கிறது. கொல்லையில் வெங்காயப் பட்டறை வைத்திருக்கிற இந்த மாவட்டத்துக்காரனாகவே சொல்கிறேன், வெங்காயம் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அது தனிக் கதை. விலைக் கணக்கோடு சேர்த்து அடுத்த வாரம்.

மீதி இருக்கிற இடத்தில் பூனை நக்கிக் குடிப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பர் தம் இராமாயணத்தின் தொடக்கத்தில் அவையடக்கமாக, பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைத் தமக்கு உவமை சொல்கிறார். அந்த ஆசை எவ்வளவு பெரியது என்பதை 2010-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அளந்து காட்டினார்கள். ரோமன் ஸ்டாக்கர் என்பவர், ‘கட்டா கட்டா’ என்ற தம் வீட்டுப் பூனை குடிப்பதைப் பார்த்ததில் கிளம்பிய ஆய்வு அது. அதிவேகக் கேமராவில் பிடித்தபோது, பூனை நாக்கைக் கரண்டி போல வளைத்து அள்ளவில்லை என்று தெரிந்தது. நாக்கின் நுனி நீரின் மேற்பரப்பைத் தொட்டுச் சட்டென்று மேலே இழுக்கிறது; கூடவே ஒரு நீர்த்தூண் எழுகிறது; அது கீழே விழும் முன் வாய் மூடிக்கொள்கிறது. நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை. ஒரு முறைக்கு மில்லியில் பத்தில் ஒரு பங்கு, கூடக்குறைய. ஒரே ஒரு லிட்டருக்குப் பத்தாயிரம் நக்கல், நிறுத்தாமல் நாற்பது நிமிடத்துக்கு மேல். கம்பர் பூனையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சித்தி எறும்புக்குப் பயந்து, தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே சாப்பாட்டுக் கிண்ணத்தை வைக்கிறார். செவலை தன் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொடுவதில்லை. இந்த எறும்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. மீசை இடிக்காத அகலம் பிடித்திருக்கலாம். இன்று காலை சித்தி மகன் தன் செல்போனில் அதை வேகம் குறைத்துப் படம் எடுத்தான். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து எண்ணினோம். பத்து நொடியில் முப்பத்தாறு. மூன்றரை மில்லி தண்ணீர். பிறகு தலையைத் தூக்கி வாயைத் துடைத்துக்கொண்டு, மக்காச்சோளத்தின் மேல் போய்ப் படுத்துவிட்டது.