கஞ்சியா, மரத்தூளா?

எண்பது பேர், கொஞ்சம் நிலக்கரி, நடுவில் ராட்சசக் கொதிகலன் ஒன்று. ‘ஃப்ராஸ்ட்பங்க்’ என்ற கணினி விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. காலம் 1886. உலகம் உறைந்துகொண்டிருக்கிறது. லண்டனிலிருந்து தப்பி வடக்கே வந்து சேர்ந்த கூட்டத்துக்கு, ஆடுகிறவர்தான் தலைவர். கொதிகலன் அணைந்தால் கதை முடிந்தது. உணவு குறையும்போது சட்டப் புத்தகத்தைத் திறக்கலாம். இருப்பதில் தண்ணீரை ஊற்றிக் கஞ்சியாக்கினால் முணுமுணுப்பு எழும். மரத்தூளைக் கலந்தால் அளவு கூடும், ஆனால் சிலர் நோயில் விழுவார்கள். ஆள் போதவில்லையா? சிறுவர்களை வேலைக்கு அனுப்ப ஒரு சட்டம் உண்டு. 24 மணி நேரம் இடைவிடாமல் வேலை வாங்க இன்னொன்று. திரையின் அடியில் நம்பிக்கை, அதிருப்தி என்று இரண்டு பட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

திண்டுக்கல்லில் மே மாதம் இதை ஆடுவதே ஒரு விநோதம். திரையில் மைனஸ் 150 டிகிரி, பக்கத்துச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது.

போலந்தின் வார்சாவில் உள்ள 11 பிட் ஸ்டுடியோஸ் 2018 ஏப்ரலில் இதை வெளியிட்டது. 66 மணி நேரத்தில் இரண்டரை லட்சம் பிரதிகள் விற்றன. விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்புக்கு நூற்றுக்கு 84. இதே நிறுவனம் 2014-ல் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்ற விளையாட்டைச் செய்திருந்தது. சரயேவோ முற்றுகையை மனதில் வைத்து, துப்பாக்கி பிடித்தவனை விட்டுவிட்டு, வீட்டுக்குள் பதுங்கிப் பசியோடு கிடக்கும் சாதாரண ஜனங்களின் பக்கம் நின்ற விளையாட்டு அது. 2020-ல் போலந்து அரசு அதைப் பள்ளி மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. நம் பத்திரிகைகளில் ‘கேம்’ என்றால் பப்ஜி தடையும் ஆன்லைன் ரம்மி தற்கொலையும்தான். சுமாரான படத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குகிற நாம், ஒரு கேமைக் கதையாக எடுத்துவைத்துப் பேசியது அபூர்வம்.

பாராட்டியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே பாராட்டினார்கள்: ஒவ்வொரு சட்டமும் அப்போதைக்கு நியாயமாகத் தெரிகிறது, பத்துச் சட்டம் தாண்டித் திரும்பிப் பார்த்தால் கொடுங்கோலன் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். குறை சொன்னவர்கள் இரண்டு இடங்களைத் தொட்டார்கள். முதலாவது, இரண்டாம் முறை ஆடும்போது எப்போது புயல் வரும், எத்தனை டன் நிலக்கரி வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துபோகிறது; மனச்சாட்சி விலகி வெறும் கணக்கு மிஞ்சுகிறது. இரண்டாவது, எல்லை மீறி ஆண்டவர்களிடம் முடிவில் விளையாட்டு கேட்கும் கேள்வி: நகரம் பிழைத்தது, ஆனால் இத்தனைக்கும் அது தகுமா? சட்டங்களை எழுதி என் கையில் கொடுத்ததே நீங்கள்தானே, இப்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே என்று பலர் எரிச்சலடைந்தார்கள்.

முதல் குறையை நான் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பசி கணக்காக மாறுவதுதான் இந்த விளையாட்டு தொட்ட மிகப் பெரிய உண்மை. விளையாட்டில் வரும் 1886-க்குப் பத்து வருஷம் முன்னால், தாது வருஷத்தில், அந்தக் கணக்கை நிஜமாகவே போட்டார்கள்.

1876-ல் மழை பொய்த்து, சென்னை மாகாணம் முழுக்கப் பஞ்சம் பரவியது. மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகாவாக இருந்த திண்டுக்கல்லும் மானாவாரிச் சமவெளிதான். வானம் பார்த்த பூமி. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு ஒரு கூலி நிர்ணயித்தார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம், கூட ஓரணா. பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதைவிடச் சற்றுக் குறைவு. வேலை செய்யும் குழந்தை என்று அரசே ஒரு பிரிவு வைத்திருந்தது. மாகாண சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், மண் சுமக்கும் உடம்புக்கு இது பற்றாது, ஒன்றரைப் பவுண்டும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் அளவு கொஞ்சம் உயர்ந்தது.

டெம்பிளைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. 1874-ல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவுகளைப் பெருமளவு தடுத்தவர் அவர்தான். அதற்கு அதிகச் செலவு செய்துவிட்டார் என்று திட்டு வாங்கினார். இரண்டாம் ஆட்டத்தில் சிக்கனமாக ஆடினார். இந்தியா முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் செத்தார்கள்.

விளையாட்டில் நிலக்கரியைச் சேர்த்தால் பிழைக்கலாம். நிஜம் அப்படியில்லை. திண்டுக்கல்லுக்குத் திருச்சி–மதுரை ரயில் 1875-லேயே வந்துவிட்டது, பஞ்சத்துக்கு ஓராண்டு முன்னால். ரயில் தானியத்தைக் கொண்டும் வரும், கொண்டும் போகும். விலை எங்கே அதிகமோ அங்கே நிற்கும். மக்கள் செத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை கப்பலேறியது. ‘ஃப்ராஸ்ட்பங்க்’கில் இல்லாதது இந்தச் சந்தை. அங்கே கிடங்கு தலைவருடையது, பூட்டும் சாவியும் அவரிடம். பஞ்சத்தைப் பற்றிய ஒரு விளையாட்டில் பதுக்கல்காரனே இல்லை என்பது எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. மேற்கத்திய விமர்சகர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

இன்னொன்று, தலைவரும் அதே குளிரில்தான் இருக்கிறார். அதிருப்திப் பட்டை நிரம்பினால் அவரையே ஊரைவிட்டுத் துரத்திவிடுவார்கள். லிட்டனுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். விக்டோரியா காலத்தை இவ்வளவு நுணுக்கமாக வரைந்த விளையாட்டில், அந்தச் சாம்ராஜ்யத்துக்குச் சோறு போட்ட நாடுகள் எங்கேயும் முன்னுக்கு வரவில்லை. சிரிப்பும் இல்லை. சிவகங்கைப் பக்கத்து வில்லியப்ப பிள்ளை அதே பஞ்சத்தை ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ என்று நையாண்டியாகப் பாடி வைத்தார். அதில், தன்னால் சமாளிக்க முடியாமல் மதுரைச் சொக்கரே ஜமீன்தாருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார். பசியிலும் இப்படிக் கேலி பேசுகிற மனுஷர்கள் விளையாட்டின் நகரமான நியூ லண்டனில் ஒருவர்கூட இல்லை.

ஆனால் அதிருப்திப் பட்டையை மட்டும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் வற்றி, தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீரும் கெட்டு, குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணி வாழ்ந்த ஊர் திண்டுக்கல். பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று பழைய பேச்சே உண்டு. பட்டை நிரம்பினால் காலிக்குடங்களோடு பெண்கள் சாலையில் உட்காருவார்கள். அதிகாரி வருவார், இரண்டு நாளில் தண்ணீர் வரும் என்பார், மறியல் கலையும். விளையாட்டிலும் அச்சாக அதே காட்சி: கூட்டம் தலைவர் முன் நிற்கும், நாள் குறித்து வாக்குக் கொடுக்கலாம், தவறினால் பட்டை இன்னும் ஏறும். வாக்கே கொடுக்காமலும் இருக்கலாம். அந்தத் தைரியசாலியை நான் இங்கே பார்த்ததில்லை.

இரண்டாவது குறையில் நான் குறை சொன்னவர்கள் பக்கம். தகுமா என்ற கேள்வியைப் பிழைத்த நகரத்தின் மேல், ஆடியவரின் முகத்துக்கு நேராக எறிந்துவிட்டுப் போவது சுலபமான வேலை. தாது வருஷத்துக்குப் பிறகு ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச விசாரணைக் குழு உட்கார்ந்து 1880-ல் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து பஞ்ச நிவாரணச் சட்டத் தொகுப்புகள் வந்தன. கிடப்பில் கிடந்த பெரியாறு திட்டத்துக்கும் அந்தப் பஞ்சமே உயிர் கொடுத்தது. 1895-ல் அணை முடிந்து, பேரணை வழியாகத் தண்ணீர் திரும்பியது. பிழைத்தவர்கள் அடுத்த பஞ்சத்துக்கு என்ன செய்து வைத்தார்கள் என்று கேட்கிற இடம் முதல் பாகத்தில் இல்லை.

2024 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகம் அதைக் கொஞ்சம் கேட்கிறது. முப்பது வருஷம் கழிந்துவிட்டது, நிலக்கரியோடு எண்ணெயும் வேண்டும், நூறு பேர் கொண்ட மன்றம் வாக்களித்தால்தான் சட்டம் நிறைவேறும். விமர்சகர்கள் 85 கொடுத்தார்கள். ஆடியவர்களில் பலர் முகம் சுளித்தார்கள்: முதல் பாகத்தில் தெருவில் நடக்கிற ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது, இதில் வட்டாரங்களும் ஆயிரக்கணக்கில் ஆள் எண்ணிக்கையும்தான். எனக்கும் முதல் பாகம்தான் பிடித்திருக்கிறது. டெம்பிளின் மேசை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இரண்டாம் பாகத்தை ஆட வேண்டும்.