தாழ்ந்த வண்டிக்கு எந்த டயர்?

மாலை வேளையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். தரையை உரசுவதுபோல் தாழ்ந்து, பளபளக்கும் பெரிய ரிம்மோடு ஒரு பிக்கப்பாவது கடந்து போகும். நம் பையன்கள் பலருக்கு அதுதான் கனவு வண்டி. என் அண்ணனுக்கும் அப்படித்தான். ஆனால் அவருடையது வேலை வண்டி. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு அரிசி மூட்டை ஏற்றிச் செல்வது.

போன ஆண்டு இறுதியில் வண்டியைத் தாழ்த்தப் போவதாகச் சொல்லி, ஒரு டயர் கடையில் தந்த தாளை என்னிடம் காட்டினார். அதில் 245/45R20 99 என்று எழுதியிருந்தது. வண்டியில் அதுவரை இருந்தது 265/65R17 112. "தம்பி, ரிம் பெருசாகுது, டயர் சின்னதாகுது, வண்டி தாழுது. கணக்கு சரிதானே?" என்றார். உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம்.

முதலில் அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அல்ல, அகலத்தில் 65 விழுக்காடு. R என்றால் ரேடியல் வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்! ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் கலந்திருக்கின்றன. நீங்கள் தேர்வுத் தாளில் இப்படி எழுதினால் நான் சிவப்பு மையால் வட்டமிடுவேன்.

இப்போது விட்டத்தைக் கண்டுபிடிப்போம். பக்கச்சுவர் 265-இல் 65 விழுக்காடு, அதாவது 172.25 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர்கள் என்பதால் 344.5. ரிம் 17 × 25.4 = 431.8. கூட்டினால் 776.3 மி.மீ. இதேபோல் அண்ணன் விரும்பிய டயருக்குப் போட்டால் 728.5 மி.மீ. வரும். வேறுபாடு ஏறக்குறைய 48 மி.மீ.

"அப்போ வண்டி 48 மில்லி தாழும்" என்றார் அண்ணன். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. தரையிலிருந்து அச்சுவரை உள்ள தூரம் ஆரம்தான், விட்டம் அல்ல. ஆகவே வண்டி தாழ்வது 24 மி.மீ. மட்டுமே. மீதித் தாழ்வை ஸ்பிரிங்கை மாற்றித்தான் பெற வேண்டும்.

அடுத்தது வேகமானி. வண்டிக்குச் சாலை தெரியாது; சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதுதான் தெரியும். படிவம் 2 கணிதத்தில் படித்த சுற்றளவை நினைவுபடுத்துங்கள். பழைய டயர் ஒரு சுற்றுக்கு 2.44 மீட்டர் போகும். புதியது 2.29 மீட்டர்தான். வேகமானி 110 காட்டும்போது உண்மையில் வண்டி 103-இல் போய்க்கொண்டிருக்கும். இதில் ஆபத்து குறைவு. ஆனால் டயர் பெரிதானால் நிலைமை தலைகீழ். 110 என்று நினைத்து அதைவிட வேகமாக ஓட்டுவோம். சம்மன் வீட்டுக்கு வரும்போதுதான் தெரியும்.

அண்ணன் இதற்கெல்லாம் அசரவில்லை. கடைசியில் இருந்த 99 தான் அவரை நிறுத்தியது.

அந்த எண் சுமைக் குறியீடு. நேரடியாகக் கிலோ அல்ல. அட்டவணையைப் பார்க்க வேண்டும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 99 என்றால் 775 கிலோ. சுமையில்லாத பிக்கப்பின் பின் அச்சில் 850 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோ அரிசி மூட்டை எண்பது ஏற்றினால் 800 கிலோ. பிக்கப்பின் பெட்டி ஏறத்தாழ பின் அச்சின் மேலேயே இருப்பதால், அந்தச் சுமையில் பெரும்பகுதி அங்கேதான் இறங்கும். மொத்தம் சுமார் 1,650 கிலோ. ஒரு டயருக்கு 825. நின்றுகொண்டிருக்கும்போதே அளவு மீறிவிட்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு குழியில் விழுந்தால் அந்த ஒரு கணத்தில் விசை இன்னும் பல மடங்கு ஏறும். உள்ளே எண்பது மூட்டை, பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள். அந்த இடத்தில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் அவரிடம் விளக்கவில்லை. அவரே பேசாமல் தாளை மடித்து வைத்தார்.

ஏன் இந்தக் குறைவு? சுமையை உண்மையில் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. அழுத்தம் = விசை ÷ பரப்பு. ஒரு சக்கரத்தில் 600 கிலோ, காற்றழுத்தம் 230 கிலோபாஸ்கல் என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 260 சதுர செ.மீ. உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைவிடச் சிறியது! பக்கச்சுவர் குட்டையானால் காற்றின் கொள்ளளவு குறைகிறது, குழியில் விழும்போது நசுங்கிக்கொடுக்க இடமும் குறைகிறது. அடி நேராக ரிம்முக்குப் போகும்.

தாழ்த்துவதில் நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஈர்ப்பு மையம் கீழே வருவதால் வளைவில் கவிழும் வாய்ப்பு குறையும். ஆனால் ஸ்பிரிங் அமுங்குவதற்கான இடமும் சேர்ந்தே குறைகிறது. சுமையோடு சாலை மேட்டில் ஏறினால் டயர் மட்கார்டில் உரசும்.

ரிம் வாங்கும்போது இன்னொரு எண்ணும் உண்டு: ET. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதைப் பொருத்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதை அது சொல்லும். 7.5 அங்குல அகலம், ET30 உள்ள ரிம்மைக் கழற்றி, 9 அங்குலம், ET20 போட்டால் சக்கரம் வெளிப்பக்கம் 29 மி.மீ. கூடுதலாக நீளும், உள்பக்கம் 9 மி.மீ. நெருங்கும். நீங்களே போட்டுப் பாருங்கள்; அரை அகலத்திலிருந்து ET-ஐக் கழித்தால் வெளிப்பக்கம், கூட்டினால் உள்பக்கம். மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரத்தை ஜேபிஜே அதிகாரிகள் விடமாட்டார்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வண்டியின் அமைப்பை மாற்றவே அவர்களின் அனுமதி வேண்டும்.

நம் தாத்தா பாட்டிகள் விடியலில் பால்மரம் சீவிய மாநிலம் இது. ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டது. அந்தப் பால் டயராகி ஓடிய மண்ணில் வளர்ந்தும், டயர் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர்களாகவே நம்மில் பலர் இருக்கிறோம். இன்று வீட்டு வண்டியில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர்.

அண்ணன் கடைசியில் எடுத்தது 265/60R18, சுமைக் குறியீடு 110. அதாவது 1,060 கிலோ. விட்டம் 775.2 மி.மீ.; பழைய டயரோடு ஒப்பிட்டால் ஒரு மில்லிதான் வேறுபாடு, வேகமானியும் பிழைக்கவில்லை. அனுமதிக்கு விண்ணப்பித்து, ஸ்பிரிங்கில் 4 செ.மீ. மட்டும் தாழ்த்தினார். முதல் நாளே மூட்டைகளை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிச் சோதித்தோம். இடது முன்சக்கரம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் உரசியது. மறுநாள் ஒன்றரை செ.மீ. மீண்டும் உயர்த்தினார்கள்.