படகு புறப்படுமுன்

1968ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் குடும்பம் படகேறி அண்டை மாநிலம் சென்றது. அப்போது எனக்குப் பத்து வயது. வீடு கல்மண்டபத்தில். ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து சென்னை விறகுத் தொட்டிகளுக்கு விறகு கொண்டுவரும் படகுகள் பக்கிங்காம் கால்வாயில் அன்றும் ஓடின. விறகை இறக்கிவிட்டுத் திரும்பும் படகொன்றில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அவ்வூரில் என் அத்தை வாழ்ந்துவந்தார்.

மாணவர்களே, அக்கால்வாயை இன்று சாக்கடையாகவே கண்டிருப்பீர்கள். 1806இல் காக்ரேன் என்பார் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது அது. பின்னர் வடக்கே நீண்டது. 1837இல் அரசு அதனை ஏற்றது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து மேலும் வெட்டினர். ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்தது; மண் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

பேசின் பாலத்தருகே விடியுமுன் ஏறினோம். படகுக்காரர் உடனே புறப்படவில்லை. ஊருக்குக் கொண்டுசெல்லும் அரிசி மூட்டைகளை அடித்தட்டில் பரப்பினார். எங்களை அவற்றின்மேல் அமரச் செய்தார். பின்பு நீரில் இறங்கிப் படகின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே கையை விரித்து அளந்தார். வலப்புறம் இரண்டு சாண்; இடப்புறம் ஒன்றரை. “அம்மா, நீங்க இந்தப் பக்கம் வாங்க” என்று என் தாயாரை இடம் மாற்றினார். விளிம்பில் ஏறி நின்ற என் அண்ணன் நல்ல வசவு வாங்கினான். காற்று இருந்தபோது பாய் விரித்தனர்; இல்லாதபோது தள்ளுகோலால் உந்தினர்; சில இடங்களில் கரையில் நடந்தே கயிறு கட்டி இழுத்தனர்.

பழவேற்காட்டு ஏரியை அடைந்ததும் நான் தேசப்படத்தை விரித்து எல்லையைத் தேடினேன். என் பாட்டனார் காலத்தில் தேடவேண்டிய தேவையே இல்லை. இரு கரையும் சென்னை மாகாணம். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை மீண்டும் திருத்தப்பட்டது. பழவேற்காடு நம் பக்கம் நின்றது. ஏரியின் பெரும்பகுதியும் ஸ்ரீஹரிக்கோட்டையும் ஆந்திரப் பக்கம் சென்றன. படத்தில் கோடு இருந்தது, நீரில் இல்லை. படகுக்காரரோ வேறொரு எல்லையைக் காட்டினார். எந்த இடத்தில் எந்நாளில் எவர் வலை விரிக்கலாம் என்று மீனவர் தமக்குள் முறை வகுத்துக்கொள்வர். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். மாநிலக் கோட்டைக் காட்டிலும் அதை மீறுவதற்கே அவர் அஞ்சினார். அந்த நீரில் மீன்பிடி உரிமைபற்றி இரு மாநில மீனவரிடையே பிற்காலத்தில் பூசல்கள் பலமுறை எழுந்தன.

அப்பயணத்தை இனி ஒருவரும் செய்ய இயலாது. கால்வாய் தூர்ந்தது. அத்தையின் ஊர் இருந்த தீவு ஏவுதளமாயிற்று. 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது.

ஆனால் அந்தச் சாண் கணக்கை நான் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். பலர் ஒரே குடும்பத்தவர். படகில் அளவுக்கு மிஞ்சிய ஆட்கள்; உயிர்காப்பு அங்கி இல்லை. அவ்வாண்டு வகுப்பில் மிதத்தல் விதியை நடத்தும்போது என் குரல் தடுமாறியது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அறிவீர்கள். அடி கனமாக இருப்பதால் சாய்த்தாலும் நிமிர்கிறது. படகும் சாயும்போது, தாழ்ந்த பக்கம் கூடுதல் நீரை விலக்குகிறது. அந்நீர் அப்பக்கத்தை மேல்நோக்கித் தள்ளி நிமிர்த்துகிறது. எடை தாழ இருக்கும்வரை இது நடக்கும். எல்லாரும் எழுந்து நின்றால் எடையின் மையம் உயர்கிறது. நிமிர்த்தும் ஆற்றல் குறைகிறது. படம் எடுப்பதற்காக அனைவரும் ஒரு புறம் நகர்ந்தாலோ கேட்கவே வேண்டாம். விளிம்பின் உயரம் ஒரு சாணாகக் குறைந்திருந்தால் சிற்றலை ஒன்று உள்ளே புகும். புகுந்த நீர் தாழ்ந்த பக்கமே ஓடி, அப்பக்கத்தை மேலும் தாழ்த்தும். ஏரி ஆழமற்றது என்று சொல்லித் தேற்றுவார் உண்டு. முகத்துவாரத்தருகே கடல்நீர் ஏறி இறங்கும் வேகம் அவர்கள் சொல்லைக் கேளாது.

சென்ற ஜனவரியில் மகன் குடும்பத்தோடு பழவேற்காடு சென்றேன். குழந்தைகள் உட்படப் பதினொருவர். “அந்தக் கரை வரைக்கும் போய்ட்டு வந்துடலாம் சார்” என்று ஒரு படகுக்காரர் அழைத்தார். ஏழு பேர் ஏறியதும் குனிந்து கையை விரித்தேன். ஒரு சாணும் நான்கு விரலும். அங்கிகள் எங்கே என்று கேட்டேன்; சிரித்தார். எல்லாரையும் இறங்கச் சொன்னேன். பெயரன் பொன்னேரி வரும்வரை என்னோடு பேசவில்லை.